ஒரே வகைத் தரை, வேறு வேறு முடிவுகள்: டென்னிஸ் சாம்பியன்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நோவாக் ஜோகோவிச் ஆஸ்திரேலிய ஓபனை 10 முறை வென்றவர். அமெரிக்க ஓபனை வென்றது 4 முறைதான். இரண்டுமே ஹார்டு கோர்ட். ரஃபேல் நடால் அமெரிக்காவின் இந்தியன் வெல்ஸ் தொடரில் 3 முறை கோப்பையைத் தூக்கினார். அது முடிந்த கையோடு தொடங்கும் மயாமியில் 5 முறை இறுதிப் போட்டிக்குப் போயும் ஒருமுறைகூட ஜெயிக்கவில்லை. அதுவும் ஹார்டு கோர்ட்தான். ஒரே வகைத் தரையில் ஓரிடத்தில் ஜெயிப்பவர் இன்னோரிடத்தில் ஏன் தோற்கிறார்? டென்னிஸைத் தொடர்ந்து பார்க்கிற எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் இந்தச் சந்தேகம் வரும். அதையொட்டி வருகிற கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

ஹார்டு கோர்ட் என்றால் எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. குழப்பம் தொடங்குவதே இந்தப் பெயரில்தான். கான்கிரீட் அல்லது தார்த் தளத்தின் மேல் அக்ரிலிக் பூச்சு பல அடுக்குகளாகப் பூசப்படும். அந்தப் பூச்சில் மணல் கலந்திருக்கும். மணல் எவ்வளவு, எவ்வளவு சொரசொரப்பானது, அடியில் ரப்பர் மெத்தை மாதிரியான அடுக்கு உண்டா இல்லையா என்பதைப் பொறுத்து பந்தின் நடத்தை மாறிவிடும். தரை சொரசொரப்பாக இருந்தால் பந்தைப் பிடித்து இழுக்கும். வேகம் குறையும், பந்தும் மேலே எழும்பும். வழவழப்பாக இருந்தால் பந்து வழுக்கிக்கொண்டு தாழ்வாக ஓடும்.

சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு இதை அளந்தே பார்க்கிறது. ஒரு பந்தைக் குறிப்பிட்ட வேகத்தில், குறிப்பிட்ட கோணத்தில் தரையில் மோதவிட்டு, அதற்கு முன்னும் பின்னும் அதன் வேகத்தைக் கணக்கிடுகிறார்கள். கிடைக்கும் மதிப்பெண்ணை வைத்துத் தரைகள் ஐந்து வகை: 29-க்குள் இருந்தால் மெதுவானது, 45-ம் அதற்கு மேலும் என்றால் வேகமானது, நடுவில் மூன்று படிகள். இரண்டு ஹார்டு கோர்ட்டுகள் இந்த அளவுகோலின் இரண்டு முனைகளில்கூட இருக்கலாம். ஆனாலும் இரண்டுக்கும் நாம் சொல்லும் பெயர் ஒன்றுதான்.

இன்னொன்று. ஒரே தொடரிலும் தரை காலப்போக்கில் மாறும். ஆஸ்திரேலிய ஓபன் 1987 வரை புல்தரையில் நடந்தது. அதன் பிறகு ஹார்டு கோர்ட், ஆனால் பூச்சின் பிராண்டு மாறிக்கொண்டே வந்தது: 1988 முதல் 2007 வரை ரீபவுண்ட் ஏஸ், 2008 முதல் 2019 வரை பிளெக்ஸிகுஷன், 2020 முதல் கிரீன்செட். ரப்பர் கலந்த ரீபவுண்ட் ஏஸ், கடும் வெயிலில் காலைப் பிடித்துக்கொள்கிறது என்று வீரர்கள் குறைபட்டுக்கொண்டார்கள். அமெரிக்க ஓபன் 1978 முதல் 2019 வரை டெகோடர்ஃப், அதற்குப் பிறகு லேகோல்டு. ஆக, 2005-ல் ஜெயித்தவரையும் 2021-ல் ஜெயித்தவரையும் "அதே கோர்ட்" என்று சொல்லி ஒப்பிடும்போது கொஞ்சம் நிதானம் வேண்டும்.

2023 இந்தியன் வெல்ஸில் டேனியல் மெத்வெடேவ் ஆட்டத்தின் நடுவிலேயே நடுவரிடம் பொரிந்து தள்ளினார். தான் ஹார்டு கோர்ட்டில் கை தேர்ந்தவன், இதை ஹார்டு கோர்ட் என்று அழைக்கவே கூடாது என்பது அவர் வாதம். அவ்வளவு மெதுவாக இருந்தது அந்தத் தரை. அதே தொடரில் அவர் இறுதிப் போட்டி வரை போய் கார்லோஸ் அல்கராஸிடம் தோற்றார். என் பார்வையில் அவர் கோபத்தில் நியாயம் இருந்தது.

தரையின் வேகம் மாறினால் யாருக்கு லாபம்?

வேகமான தரை, சர்வை நம்பி ஆடுபவருக்கும் பந்தைத் தட்டையாக அடிப்பவருக்கும் உதவும். மெதுவான தரை, துரத்திப் பிடித்துத் திருப்பி அனுப்புபவருக்கும் டாப்ஸ்பின் (பந்து முன்பக்கமாகச் சுழலும்படி) அடிப்பவருக்கும் உதவும். இது எல்லோரும் சொல்வது, சரியும்கூட. ஆனால் வேகத்தைவிட பந்து எழும்பும் உயரம்தான் முக்கியம் என்று நான் நினைக்கிறேன். நடாலின் டாப்ஸ்பின் பந்து எதிராளியின் தோளுக்கு மேலே ஏறினால், பேக்ஹேண்டை (புறங்கைப் பக்க அடி) ஒற்றைக் கையால் ஆடும் ரோஜர் ஃபெடரர் போன்றவருக்கு அதை அழுத்தி அடிப்பது பெரும்பாடு. அதே பந்து இடுப்பளவில் நின்றுவிட்டால் ஃபெடரர் முன்னால் நகர்ந்து வெளுத்துவிடுவார். இரண்டு தரைகளின் வேக மதிப்பெண் ஒன்றாக இருந்தாலும், பந்து எழும்பும் உயரம் ஒரு சாண் மாறினால் போதும், ஆட்டத்தின் கதையே மாறிவிடும்.

பந்து எல்லா இடத்திலும் ஒன்றுதானே?

அதுவும் இல்லை. எடை 56.0 கிராமிலிருந்து 59.4 கிராம் வரை இருக்கலாம் என்கிறது விதி. அந்த எல்லைக்குள் ஒவ்வொரு தொடரும் வெவ்வேறு நிறுவனத்தின் பந்தைப் பயன்படுத்துகிறது. இப்போது ஆஸ்திரேலியாவில் டன்லப், பாரிஸில் நடக்கும் பிரெஞ்சு ஓபனிலும் நியூயார்க்கில் நடக்கும் அமெரிக்க ஓபனிலும் வில்சன். விம்பிள்டனில் 1902 முதல் ஸ்லாசெஞ்சர். பந்தின் மேலே இருக்கும் ஃபெல்ட் உறை சில பந்துகளில் சீக்கிரம் பஞ்சு மாதிரி உப்பிவிடும். உப்பிய பந்து காற்றில் தடைபட்டு மெதுவாகும். சிலவற்றில் உறை தேய்ந்து பந்து சின்னதாகி, பறக்க ஆரம்பிக்கும்.

அமெரிக்க ஓபனில் 2022 வரை ஆண்களுக்குக் கனமான உறையுள்ள பந்தும் பெண்களுக்கு மெல்லிய உறையுள்ள பந்தும் கொடுத்தார்கள். மெல்லிய உறைப் பந்து பறக்கும், கட்டுப்படுத்துவது கஷ்டம். இகா ஷ்வியான்டெக் இதை வெளிப்படையாகவே குறை சொன்னார். அந்த வருடக் கோப்பையையும் அவரே வென்றார் என்பது வேறு விஷயம். 2023 முதல் பெண்களுக்கும் கனமான உறைதான்.

வாராவாரம் பந்து மாறுவதால் கைமூட்டும் தோளும் வலிக்கின்றன என்று பல முன்னணி வீரர்கள் சொல்லிவருகிறார்கள். ஒரே தரையில் இரண்டு வாரத்துக்குள் ஒரு வீரரின் ஆட்டம் தலைகீழாக மாறினால், நான் முதலில் பார்ப்பது அந்தத் தொடரின் பந்து என்ன என்பதைத்தான்.

வெயில், ஈரப்பதம், உயரம் எல்லாம் உண்மையிலேயே அவ்வளவு பெரிய விஷயமா?

ஆமாம். பலர் நினைப்பதைவிடப் பெரிய விஷயம்.

மேட்ரிட் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட சுமார் 7 சதவீதம் குறைவு. அதனால் பந்துக்குக் காற்றுத் தடை குறையும், வேகமாகப் பறக்கும். டாப்ஸ்பின் பந்தைக் கீழே வளைத்து இறக்குவதும் காற்றுதான் என்பதால், அந்த வளைவும் குறையும். களிமண் தொடர்களில் நடால் வென்ற கோப்பைகளின் கணக்கைப் பாருங்கள்: பிரெஞ்சு ஓபன் 14, பார்சிலோனா 12, மான்டே கார்லோ 11, ரோம் 10. மேட்ரிட் களிமண்ணில்? வெறும் 4. சொந்த நாடு, சொந்த ரசிகர்கள், தனக்குப் பிடித்த களிமண் எல்லாம் இருந்தும் அந்த மெல்லிய காற்று அவருடைய சுழற்சியின் ஒரு பங்கைத் தின்றுவிட்டது.

ஃபெடரரைப் பார்த்தால் இதன் மறுபக்கம் தெரியும். மான்டே கார்லோவிலும் ரோமிலும் தலா 4 இறுதிப் போட்டிகள் ஆடி அத்தனையிலும் தோற்றவர் அவர். ஆனால் ஹாம்பர்க்கில் 4 முறையும் மேட்ரிட் களிமண்ணில் 2 முறையும் கோப்பை வென்றார். களிமண்ணில் நடாலுடன் 16 முறை மோதி 14 முறை தோற்றார். ஜெயித்த இரண்டும் எங்கே? 2007 ஹாம்பர்க், 2009 மேட்ரிட். ஹாம்பர்க் குளிரும் ஈரமுமான ஊர், அங்கே பந்து அவ்வளவு எகிறாது. மேட்ரிட்டில் பந்து எகிறினாலும் விரைந்து வந்துவிடும், நீண்ட ராலிக்கு (பந்து மாறி மாறிப் போய்வருவதற்கு) நேரம் கிடைக்காது. காரணங்கள் வேறு வேறு, பலன் ஒன்று: ஃபெடரரின் பேக்ஹேண்டை நடால் மணிக்கணக்கில் வறுத்தெடுக்க முடியவில்லை. இதில் ஹாம்பர்க் ஆட்டம் களிமண்ணில் நடாலின் 81 ஆட்டத் தொடர் வெற்றியை முடித்துவைத்தது. நான் பார்த்து மறக்காத ஆட்டங்களில் அதுவும் ஒன்று.

சூடும் அப்படித்தான். பந்துக்குள் அடைத்த வாயு சூட்டில் விரிந்து, பந்து அதிகம் துள்ளும். குளிரில் சோம்பிவிடும். ஈரப்பதம் ஏறினால் உறை நீரை உறிஞ்சிக் கனக்கும். நடாலின் இந்தியன் வெல்ஸ், மயாமி புதிருக்கும் இதில் பெரும்பகுதி விடை இருப்பதாக நினைக்கிறேன். முதலாவது பாலைவனம்: வறண்ட காற்று, சொரசொரப்பான தரை, பந்து தோளுக்கு ஏறும். இரண்டாவது கடலோரம்: காற்றில் ஈரம் பிசுபிசுக்கும், உறை கனத்துப் பந்து சோம்பும்.

களிமண்ணிலும் வகைகள் உண்டா?

உண்டு. பாரிஸின் சிவப்புக் களிமண் என்பது அரைத்த செங்கல் தூள், அதுவும் சில மில்லிமீட்டர் படலம்தான். அமெரிக்காவில் பச்சைக் களிமண் என்று ஒன்று இருக்கிறது. அரைத்த பாறைத் தூள் அது. சிவப்பைவிடக் கொஞ்சம் வேகமானது, கெட்டியானது. 1975 முதல் 1977 வரை அமெரிக்க ஓபன் இதில்தான் நடந்தது. பிரெஞ்சு ஓபனை மொத்தம் 6 முறை வென்ற பியான் போர்க், 1976-ல் பச்சைக் களிமண் இறுதிப் போட்டியில் ஜிம்மி கானர்ஸிடம் தோற்றார். இதே கானர்ஸ் பிரெஞ்சு ஓபனில் ஒரு இறுதிப் போட்டிக்குக்கூடப் போனதில்லை. இரண்டையும் "களிமண்" என்று ஒரே பெயரில் எழுதினால் இந்த முடிவு விளங்கவே விளங்காது.

2012-ல் மேட்ரிட்டில் தொலைக்காட்சியில் பந்து நன்றாகத் தெரியட்டும் என்று நீலக் களிமண் போட்டார்கள். தரை வழுக்கியது. நடாலும் ஜோகோவிச்சும் சீக்கிரமே தோற்று, இது தொடர்ந்தால் வரமாட்டோம் என்றார்கள். ஃபெடரர் கோப்பையை வென்றார். அடுத்த வருடம் மீண்டும் சிவப்பு.

புல்தரையில் இந்த வேறுபாடு குறைவா?

தொடர்களே குறைவு என்பதால் அப்படித் தெரிகிறது. விம்பிள்டனில் 2001 முதல் முழுக்க ரை புல். புல்லின் உயரம் 8 மில்லிமீட்டர். ரை புல் வந்த பிறகு மண் கெட்டியாகி, பந்து முன்பைவிட நன்றாக எழும்புகிறது. அடித்தளக் கோட்டில் நின்று ஆடுபவர்கள் அங்கே ஜெயிக்கத் தொடங்கியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். முதல் வாரம் பச்சையாக வழுக்கும், இரண்டாவது வாரம் கோட்டுப் பக்கம் புல் தேய்ந்து மண் தெரியும். ஒரே கோர்ட் இரண்டு வாரத்துக்குள் இரண்டு விதமாக ஆடும்.

அரங்கத்துக்கும் இதில் பங்கு உண்டா?

நியூயார்க்கின் ஆர்தர் ஆஷ் அரங்கம் 23,000-க்கும் அதிகமானோர் அமரக்கூடியது. கூரை வருவதற்கு முன்பு அங்கே காற்று சுழன்றடிக்கும். 2012 இறுதிப் போட்டியில் அந்தக் காற்றோடு போராடித்தான் ஆண்டி மரே, ஜோகோவிச்சை 4 மணி 54 நிமிடத்தில் வென்றார். ஆஸ்திரேலிய ஓபனில் அதே மரே 5 இறுதிப் போட்டிகளில் தோற்றவர், அவற்றில் நான்கு ஜோகோவிச்சிடம். பந்து எங்கே போகும் என்றே தெரியாத காற்றில், ஜோகோவிச்சின் துல்லியத்துக்கு மதிப்பு குறைந்து, ஆட்டத்தை மாற்றி மாற்றி ஆடத் தெரிந்தவருக்கு வாய்ப்பு வந்தது.

கூரைக்கான கட்டமைப்பு வந்தபின் காற்று அடங்கியது, புழுக்கம் கூடியது. 2004 முதல் 2008 வரை அங்கே தொடர்ந்து 5 முறை வென்ற ஃபெடரர், 2018-ல் ஒரு புழுக்கமான இரவில் ஜான் மில்மனிடம் நான்காவது சுற்றில் தோற்றார். காற்றே கிடைக்கவில்லை என்றார். 37 வயது உடம்புக்கு அது எவ்வளவு கொடுமையாக இருந்திருக்கும் என்பது திரையில் பார்த்த எனக்கே தெரிந்தது.

கோட்டுக்குப் பின்னால் உள்ள இடமும் முக்கியம். பெரிய மைதானத்தில் சர்வை எதிர்கொள்ளப் பல மீட்டர் பின்னால் நிற்கலாம். சின்ன கோர்ட்டில் அந்த வசதி இல்லை.

அப்படியென்றால் ஜோகோவிச்சுக்கு நியூயார்க் ஏன் சரிவரவில்லை?

சரிவரவில்லை என்று சொல்வதே தப்பு. அங்கே அவர் 10 இறுதிப் போட்டிகள் ஆடியிருக்கிறார். அதில் 4 வெற்றி, 6 தோல்வி. ஆஸ்திரேலிய ஓபன் நடக்கும் மெல்பர்னிலோ ஆடிய முதல் 10 இறுதிப் போட்டிகளையும் வென்றார். கடைசி ஞாயிற்றுக்கிழமை வரை போவதில் இரண்டு ஊருக்கும் அவ்வளவு வித்தியாசம் இல்லை. வித்தியாசம் அந்த ஒரு நாளில்தான்.

ஏன் அந்த ஒரு நாளில்? முதல் காரணம் நாள்காட்டி என்று நம்புகிறேன். ஆஸ்திரேலிய ஓபன் ஜனவரியில், ஓய்வும் பயிற்சியும் முடிந்து உடம்பு புதிதாக இருக்கும்போது வருகிறது. அமெரிக்க ஓபன் ஆகஸ்ட் கடைசியில். அதற்குள் களிமண், புல் என்று எட்டு மாதம் ஓடிக் களைத்திருப்பார்கள். அதிகம் ஜெயிப்பவரே அதிகம் ஆடியிருப்பார். 2021-ல் ஜோகோவிச் அதுவரை நடந்த மூன்று கிராண்ட் ஸ்லாம்களையும் (நான்கு பெரிய தொடர்களுக்கான பெயர்) வென்று, டோக்கியோ ஒலிம்பிக்கும் போய்விட்டு நியூயார்க் வந்தார். இறுதிப் போட்டியில் மெத்வெடேவிடம் ஒரு செட்கூட எடுக்காமல் சரிந்தார்.

அப்புறம் எதிராளிகள். அவரைத் தோற்கடித்தவர்கள் ஃபெடரர், நடால் (இரண்டு முறை), மரே, வாவ்ரிங்கா, மெத்வெடேவ். லேசான பட்டியல் இல்லை இது. 2020-ல் ஆத்திரத்தில் தட்டிவிட்ட பந்து கோட்டு நடுவர் மேல் பட்டு வெளியேற்றப்பட்டார். 2022-ல் தடுப்பூசி விதியால் அமெரிக்காவுக்குள்ளேயே போக முடியவில்லை. அதே வருடம் ஆஸ்திரேலியாவிலிருந்தும் திருப்பி அனுப்பப்பட்டார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தரை, ஊர், கோர்ட் எல்லாமே ஒன்றாக இருந்தால் முடிவும் ஒன்றாக இருக்குமா?

2024-ல் இதைக் கண்முன்னே பார்த்தோம். ஜூன் மாதம் பாரிஸின் ரோலண்ட் கேரோஸ் வளாகத்தில் ஆண்கள் பிரிவில் அல்கராஸும் பெண்கள் பிரிவில் ஷ்வியான்டெக்கும் பிரெஞ்சு ஓபனை வென்றார்கள். இரண்டு மாதத்துக்குள் அதே இடத்தில் ஒலிம்பிக். ஆண்கள் தங்கம் ஜோகோவிச்சுக்கு, இறுதியில் அல்கராஸை இரண்டு டைபிரேக்குகளில் (செட் 6-6 ஆனால் முடிவுக்காக ஆடுவது) வென்று. ரோலண்ட் கேரோஸில் தொடர்ந்து 25 ஆட்டங்கள் ஜெயித்திருந்த ஷ்வியான்டெக், அரையிறுதியில் சீனாவின் ஜெங் சின்வென்னிடம் தோற்று வெண்கலத்தோடு திரும்பினார்.

மாறியது என்ன? ஆண்களுக்கு ஐந்து செட் ஆட்டம் மூன்று செட் ஆனது. 37 வயதான ஜோகோவிச்சுக்கு அது பெரிய உதவி. கோடை வெயிலில் தரை காய்ந்து இறுகியிருந்தது. மார்பில் நாட்டின் பெயர் இருந்தது, அந்தப் பாரம் சிலரைத் தூக்கும், சிலரை அழுத்தும். மண் மட்டும் அதே மண்.

மனநிலைதான் காரணம் என்கிறார்களே?

அதற்கும் பங்கு உண்டு, ஆனால் அதை முதலில் சொல்வது சோம்பேறித்தனம் என்பது என் கருத்து. பந்து, காற்று, களைப்பு மூன்றையும் பார்த்த பிறகு மிச்சம் இருப்பதற்குத்தான் மனசைக் கைகாட்ட வேண்டும். ஒரு இடத்தில் ஜெயித்த ஞாபகம் தைரியம் தரும் என்பது உண்மை. இவான் லென்டில் அந்த தைரியத்தைக் கையால் கட்டிக்கொண்டவர். அமெரிக்க ஓபனில் உள்ள அதே தரையைத் தன் வீட்டிலும் போட்டு, அதில்தான் பயிற்சி எடுத்தார். 1982 முதல் 1989 வரை தொடர்ந்து 8 முறை அங்கே இறுதிப் போட்டிக்குப் போனார். "ஹார்டு கோர்ட்டில் பயிற்சி" என்று அவர் நிறுத்திக்கொள்ளவில்லை, அந்த ஒரு ஹார்டு கோர்ட்டே வேண்டும் என்றார்.

எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஆடுபவர்களே இல்லையா?

இருக்கிறார்கள். நவோமி ஒசாகா ஆஸ்திரேலியாவில் 2, அமெரிக்காவில் 2. செரீனா வில்லியம்ஸ் 7, 6. அரீனா சபலென்கா ஆஸ்திரேலிய ஓபனை 2023, 2024-லும் அமெரிக்க ஓபனை 2024, 2025-லும் வென்றார். மூவரும் பந்தை முன்கூட்டியே எடுத்து ஓங்கி அடிப்பவர்கள். பந்து எவ்வளவு எழும்புகிறது, எதிராளி என்ன செய்கிறார் என்பதற்கெல்லாம் காத்திருக்கும் ஆட்டம் அல்ல அது. அதனால்தான் இடம் மாறினாலும் பெரிதாகப் பாதிக்கவில்லை என்று படுகிறது.

அதிர்ஷ்டத்துக்கு எவ்வளவு பங்கு?

நிறைய. ஒரு தொடர் வருடத்துக்கு ஒருமுறைதான், அதிகபட்சம் ஏழு ஆட்டம். பதினைந்து வருடம் ஆடினாலும் பதினைந்து வாய்ப்புதான். 2011 அமெரிக்க ஓபன் அரையிறுதியில் ஃபெடரர் இரண்டு மேட்ச் பாயிண்ட் (ஒரு புள்ளி எடுத்தால் வெற்றி என்ற நிலை) வைத்திருந்தார். ஜோகோவிச் அதிலிருந்து தப்பி அந்தக் கோப்பையை வென்றார். அந்த இரண்டில் ஒன்று மாறியிருந்தால் இன்று ஜோகோவிச்சின் கணக்கு 3, நாம் வேறு காரணங்களைத் தேடிக்கொண்டிருப்போம். 2019 விம்பிள்டன் இறுதியில் ஃபெடரர் 218 புள்ளிகள், ஜோகோவிச் 204. கோப்பை ஜோகோவிச்சுக்கு. கோப்பைகளை மட்டும் எண்ணி "இவருக்கு இந்த ஊர் ஆகாது" என்று முடிவு கட்டும்போது இந்த இரண்டு ஆட்டங்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். எத்தனை முறை அரையிறுதிக்கும் இறுதிக்கும் போனார் என்பது இன்னும் நம்பகமான அளவு.

அடுத்த தொடரைப் பார்க்கும்போது எதைக் கவனிக்கலாம்?

முதல் இரண்டு நாள் ஆட்டங்களில், டாப்ஸ்பின் பந்து வரும்போது எதிராளி எந்த உயரத்தில் அடிக்கிறார் என்று பாருங்கள். இடுப்பா, தோளா? பந்து மாற்றும்போது புதிய பந்தையும் பழைய பந்தையும் பாருங்கள், எவ்வளவு உப்பியிருக்கிறது என்று தெரியும். முதல் தடவை 7 கேம்களுக்குப் பிறகு, அப்புறம் ஒவ்வொரு 9 கேமுக்கும் மாற்றுவார்கள். பகல் ஆட்டமா, இரவு ஆட்டமா, கூரை மூடியிருக்கிறதா என்று கவனியுங்கள். அந்த வீரர் முந்தைய மாதத்தில் எத்தனை ஆட்டம் ஆடினார் என்று ஒரு பார்வை. இவ்வளவும் பார்த்துவிட்டு, கடைசியாகத் தரையின் பெயரைப் பாருங்கள்.